'அட்மின்' என்பவர் யார்?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடையில் என் அக்காள் மகனோடு பசியாற உட்கார்ந்திருந்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தானே தவிர சாப்பிடவில்லை. தே தாரேக் ஆறி ஆடை கட்டிவிட்டது.

"மாமா, நான் செய்யாத ஒரு காரியத்தை நான் செய்யவில்லை என்று எப்படிக் காட்டுவது?"

போலீஸ் விவகாரமோ என்று எனக்குப் பகீரென்றது. இல்லை, கம்ப்யூட்டர் விவகாரம்தான். கேட்டு முடித்ததும் இதை இந்தப் பத்தியில் எழுதவேண்டும் என்றேன். "இப்போது வேண்டாம் மாமா" என்றான். இப்போது வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், எழுதலாம் என்கிறான். பழைய நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

முதலில் அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி வீடுகளில் கீழ்த்தளத்து அறையில் காவலர் ஒருவர் பத்துப் பதினைந்து கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அல்லவா? கம்ப்யூட்டர்களுக்கும் அப்படி ஓர் அறை உண்டு. எஸ்.ஓ.சி. என்பார்கள், பாதுகாப்புச் செயல்பாட்டு மையம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட அறைகள் பல இருக்கின்றன. நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிப்பு முடித்ததும் முதல் வேலையாக இங்கேதான் போய் உட்காருகிறார்கள். வாடிக்கையாளர் நிறுவனங்களின் சர்வர்கள், மடிக்கணினிகள், மின்னஞ்சல் எல்லாம் நொடிக்கு நொடி எழுதும் பதிவுகள் ஒரே மேடையில் வந்து சேரும். 'இரவு இரண்டு மணிக்கு ஒரே கணக்கில் ஐம்பது முறை தவறான கடவுச்சொல் போட்டால் மணி அடி' என்பது போன்ற விதிகள் அந்த மேடையில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மணி அடித்தால் முதல் நிலை ஆள் பார்ப்பார். சந்தேகம் என்றால் இரண்டாம் நிலைக்குத் தள்ளுவார். விதிகளை எழுதுவதும் திருத்துவதும் பொறியாளர்களின் வேலை.

என் மருமகன் முதல் நிலை. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்.

அங்கே ஒன்பது பேருக்கும் ஒரே கணக்கு. பெயர் 'அட்மின்'. கடவுச்சொல் மேசைமேல் மஞ்சள் சீட்டில். ஆளுக்கு ஒரு கணக்கு எடுத்தால் லைசன்ஸ் கட்டணம் கூடும் என்பது மேலாளர் சொன்ன காரணம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இவனுக்கு அது பெருமையாகக்கூட இருந்ததாம். நேற்று வந்த பையன், இன்று எல்லாவற்றையும் தொடலாம்!

ஒரு வாடிக்கையாளரிடம் இரவுதோறும் காப்புநகல் எடுக்கும் சர்வர் ஒன்று இருந்தது. யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அந்தச் சர்வருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அது பழைய கடவுச்சொல்லையே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மணி. ஓர் இரவு, மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, யாரோ பொறுமை இழந்து அந்த விதியையே அணைத்துவிட்டார்கள். அந்த ஒரு சர்வருக்கு மட்டும் அல்ல, அந்த வாடிக்கையாளரின் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும். பன்னிரண்டு நாள் கழித்து வெளியாள் ஒருவர் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து உள்ளே வந்தார். அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை.

விசாரணை வந்தது. விதியை அணைத்தது யார் என்று மேடையைக் கேட்டார்கள். அது நேர்மையாகப் பதில் சொன்னது: 'அட்மின்'.

அந்த ஷிஃப்டில் மூன்று பேர். இருவர் மூத்தவர்கள். மூன்றாமவன் இவன். யாரும் இவனைப் பார்த்து நீதான் என்று சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எச்சரிக்கைக் கடிதம் இவன் பெயருக்கு வந்தது. "புதுசாக இருப்பதால் தவறு நடந்திருக்கலாம்" என்று அதில் ஒரு வரி. 'இருக்கலாம்' என்ற அந்தச் சொல்தான் பையனைத் தூங்கவிடவில்லை. செய்தான் என்றும் அவர்களால் காட்ட முடியாது, செய்யவில்லை என்றும் இவனால் காட்ட முடியாது. நான் அவனை நம்புகிறேன். மாமன் நம்பி என்ன பயன்?

இந்தக் கதையை நான் சொன்னவர்களில் பாதிப் பேர் "அப்போ அந்த ரெண்டு சீனியர்ல ஒருத்தன்தான்" என்று துப்பறிய ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை. அணைத்தவர் நல்லெண்ணத்தோடுகூட அணைத்திருக்கலாம். விடிய விடிய அடித்த பொய் மணி அது. என் கேள்வி வேறு. மணி அடித்தால் எழுந்து பார்க்க வேண்டிய ஆளின் கையில், மணியையே கழற்றும் திருப்புளி எப்படி வந்தது?

இதற்கான மருந்து புதிதல்ல. ஆங்கிலத்தில் ரோல்-பேஸ்டு ஆக்சஸ் கன்ட்ரோல், சுருக்கமாக ஆர்பேக் என்பார்கள். நாம் 'பொறுப்புவழி அனுமதி' என்று வைத்துக்கொள்வோம். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, பொறுப்புக்குக் கொடு; பிறகு ஆளை அந்தப் பொறுப்பில் உட்காரவை. அவர் மாறினால் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடு, அனுமதி தானாகக் கழன்றுவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது ஊழியர்கள், இருநூறு அனுமதிகள் என்றால், ஆள் ஆளாகக் கொடுக்கப் போனால் எட்டாயிரம் இடத்தில் சரி, தவறு போட வேண்டும். ஆறு பொறுப்புகளை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால், அதன்பின் 'இவர் எந்த நாற்காலி' என்பது மட்டும்தான் கேள்வி.

அமெரிக்காவின் தேசியத் தரநிலைக் கழகத்தில் வேலை செய்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இருவர் 1992இல் இதை ஒழுங்காக எழுதி வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் மருத்துவமனையும் வங்கியும். மருத்துவர், தாதி, மருந்தாளர் என்று பொறுப்புகள் உண்டு. நோயாளியின் விவரம் இவர்களில் எவருக்கும் சொந்தமில்லை. வேலைக்காகத் தொடுகிறார்கள், அவ்வளவுதான். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை 'இந்தா, நீயும் பார்த்துக்கொள்' என்று இன்னொருவரிடம் நீட்டும் உரிமை அவர்களுக்கு ஏன் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நான்கு வருடம் கழித்து, 1996இல், ரவி சாந்து என்ற இந்திய வம்சாவளிப் பேராசிரியரும் மூன்று பேரும் இதை இன்னும் விரித்து எழுதினார்கள். 2004இல் அமெரிக்கத் தரநிலையாகவே ஆனது.

ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதை நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண்டோர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு யார் வந்தார், யார் வரவில்லை என்று குறிப்பது அவர் வேலை. சம்பளக் கணக்கைச் செக்ரோலில் எழுதுவது கிராணி. கையெழுத்துப் போடுவது துரை. அப்பாவால் ஒரு காசு பட்டுவாடா செய்ய முடியாது. கிராணியால் ஒரு பெயரைப் பெரட்டில் சேர்க்க முடியாது. சின்ன வயதில் எனக்கு இது அவமானமாக இருந்தது. "உங்களை நம்ப மாட்டாங்களா அப்பா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் செய்த தோட்டத்தில், செத்துப்போனவன் பெயரிலும் சம்பளம் போனதாம். அது தெரிய வந்தபோது, திருடியவனோடு திருடாதவனையும் நிறுத்தி விசாரித்தார்களாம். "எனக்கு ஸ்டோர் சாவி வேண்டாம்டா. சாவி இல்லாதவனை யாரும் கேக்க மாட்டான்" என்றார்.

ஸ்டோரில் உரமும் களைக்கொல்லியும் இருக்கும். சாவி ஸ்டோர் கிராணியிடம். அவர் லீவு என்றால் ஆபீசில் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்குவார். சாவி கிராணியுடையது அல்ல, கிராணி வேலையுடையது. துரைகள் ஆண்ட தோட்டத்தில் நியாயம் இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த ஏணியின் மேல்படியில் யார், கீழ்ப்படியில் யார் என்பது நமக்குத் தெரியும். சாவி நோட்டை மட்டும் அவர்கள் ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

இன்றைய கண்காணிப்பு மேடைகளிலும் இந்த ஏற்பாடு ஆயத்தமாகவே வருகிறது. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் சென்டினல் என்ற மேடையில் படிப்பவர், பதில் நடவடிக்கை எடுப்பவர், பங்களிப்பவர் என்று தனித்தனிப் பொறுப்புகள். படிப்பவர் பதிவுகளையும் எச்சரிக்கைகளையும் பார்க்கலாம், மாற்ற முடியாது. நடவடிக்கை எடுப்பவர் ஒரு சம்பவத்தைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளலாம், முடித்து வைக்கலாம். விதியை எழுதவோ திருத்தவோ வேண்டுமானால் பங்களிப்பவராக இருக்க வேண்டும். என் மருமகனுக்கு முதல் இரண்டும் போதும். மூன்றாவது அவன் கையில் இல்லாதிருந்தால், மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவன் மேல் சந்தேகமே விழுந்திருக்காது.

ஸ்ப்ளங்க் என்ற மேடையில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சங்கதி உண்டு. அங்கே பதிவுகளைத் தேடலில் இருந்து நீக்கும் கட்டளைக்கென்றே தனியாக ஒரு பொறுப்பு வைத்திருக்கிறார்கள். மேடையை நிர்வகிக்கும் அட்மினுக்குக்கூட அது இயல்பாகக் கிடையாது. வேண்டுமென்றால் யாராவது வேண்டுமென்றே எடுத்து மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் அறிவுரை. ஏன் இவ்வளவு கெடுபிடி? வீட்டுக்குள் புகுந்த திருடன் முதலில் தேடுவது நகையை அல்ல, கேமராப் பதிவுப் பெட்டியை. எஸ்.ஓ.சி. மேடை என்பது அந்தப் பெட்டி. அதோடு, எந்தச் சர்வர் எங்கே இருக்கிறது, எது பழசு, எதில் ஓட்டை என்று வாடிக்கையாளரின் முழு வரைபடமும் அங்கேதான் இருக்கிறது. காவலருக்குக் கொடுத்த சாவி திருடன் கைக்குப் போனால், ஒரு வீடல்ல, முழு தாமானும் போகும்.

போயிருக்கிறது. அமெரிக்காவில் வெர்காடா என்று ஒரு நிறுவனம், பாதுகாப்புக் கேமராக்களை இணையம் வழியாக நடத்தித் தருவது. 2021 மார்ச்சில் சிலர் அதன் 'சூப்பர் அட்மின்' அனுமதியைக் கைப்பற்றினார்கள். பெரிய பூட்டுடைப்பு எதுவும் இல்லை. இணையத்தில் சரியாக மூடாமல் கிடந்த ஒரு சர்வர்தான் வழி. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கேமராக்களை எட்டிப் பார்க்க முடிந்தது என்று அவர்கள் சொன்னார்கள். மருத்துவமனை, பள்ளி, சிறை, டெஸ்லா தொழிற்சாலை என்று எல்லா இடத்துக் காட்சியும் வெளியே வந்தது. அந்த நிறுவனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு அதே சூப்பர் அட்மின் அனுமதி இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. நூறு பேருக்கு எதற்கு? கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஓர் அவசரம் இருந்திருக்கும். அன்று கொடுத்ததை மறுநாள் யாரும் வாங்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? மைசெஜாத்ராவை மறந்திருக்க மாட்டோம். கடைக்குள் நுழைய, கோவிலுக்குள் நுழைய, கல்யாணத்துக்குள் நுழைய, எல்லாவற்றுக்கும் கைபேசியை நீட்டிய காலம். தடுப்பூசி விவரம், அடையாள அட்டை எண் எல்லாம் அதற்குள் போனது. 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தேசியக் கணக்காய்வாளர் அறிக்கையில் ஒரு பகுதி இதைப் பற்றியது. 2021 அக்டோபர் இறுதியில், தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் விவரங்கள் பதிவிறக்கப்பட்டிருந்தன. பதிவிறக்கிய கணக்கின் தகுதி: 'சூப்பர் அட்மின்'. நாட்டில் பத்துப் பதினோரு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியைப் படிக்கும் குடும்பத்திலேயே ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

அந்தச் செய்தி வந்த வாரம் கடைகளில் பேசிக்கொண்டதெல்லாம் 'யாரோ ஹேக் பண்ணிட்டானாம்' என்பதுதான். எனக்கு உறைத்தது வேறு. உலகத்தின் எந்த வேலைக்கு, எந்த நாற்காலிக்கு, ஒரே ஆள் 30 லட்சம் பேரின் விவரத்தை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் அனுமதி தேவை? தடுப்பூசி மையத்தில் இருந்த தாதிக்கு, எதிரே நிற்பவரின் விவரம் போதும். மாநில அதிகாரிக்கு எண்ணிக்கை போதும். பெயர் வேண்டாம். ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கேட்டுக்கொண்டே வந்தால், 'எல்லாவற்றையும் இறக்கு' என்ற பொத்தான் யாருக்கும் தேவைப்படாது. தேவைப்படும் அந்த அபூர்வ நாளுக்கு, இரண்டு பேர் சேர்ந்து ஒப்புதல் கொடுக்கும் ஏற்பாடு செய்யலாம். கோவில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு சாவியை இரண்டு பேரிடம் கொடுப்பது நமக்குத் தெரியாததா?

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பீர்கள். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. தனியார் நிறுவனங்களின் கழுத்தைத்தான் பிடிக்கும். மத்திய, மாநில அரசாங்கங்களை அது தொடாது. (மைசெஜாத்ரா கதையைப் படித்த பிறகு இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.) 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சேர்ந்திருக்கிறது. சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளை மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு மூன்று லட்சம் வெள்ளியிலிருந்து பத்து லட்சம் வெள்ளியாக உயர்ந்திருக்கிறது.

இன்னொன்று, 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கும் சைபர் பாதுகாப்புச் சட்டம். வங்கி, மருத்துவம், மின்சாரம், நீர், போக்குவரத்து என்று நாட்டுக்கு உயிரான 11 துறைகளை அது பட்டியலிடுகிறது. விவசாயமும் தோட்டத் தொழிலும் அதில் ஒன்று. என் அப்பா கேட்டால் சிரிப்பார். இந்தத் துறைகளில் முக்கிய அமைப்புகளை நடத்துகிறவர்கள், தாக்குதல் நடந்தது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். முதற்கட்ட விவரங்களை ஆறு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வெளியாருக்காக எஸ்.ஓ.சி. கண்காணிப்பு நடத்தும் நிறுவனம் உரிமம் எடுக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தில் வந்ததுதான். ஆறு மணி நேரம் என்பது சாதாரண நேரமல்ல. 'அட்மின்' என்பவர் யார் என்று ஒன்பது பேரைக் கூப்பிட்டு விசாரிப்பதிலேயே அதில் பாதி போய்விடும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? லைசன்ஸ் கட்டணம் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். பெரிய காரணம் நம் சுபாவம். முதலில் 'நம்ம ஆளுதானே'. நண்பன் கேட்கும்போது கடவுச்சொல்லைக் கொடுக்காவிட்டால் கௌரவக் குறைச்சல். பிறகு வாங்கிக்கொள்ளக் கூச்சம். பதவி மாறிப் போனவரிடம் போய் 'உங்கள் பழைய அனுமதியை எடுத்துவிடட்டுமா' என்று கேட்டால் அவர் முகம் சுருங்குமே என்று விட்டுவிடுகிறோம். அவர் பத்து வருடம் அதே நிறுவனத்தில் நான்கு பிரிவு மாறினால், நான்கு பிரிவின் சாவியும் அவர் இடுப்பில் தொங்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய கணக்கைத் திருடுகிறவன் நல்லவனாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பொறுப்புகளைக் கெடுபிடியாக எழுதிவிட்டு, அவசரத்துக்கு வழி வைக்காவிட்டால் அதுவும் ஆபத்து. நள்ளிரவில் தாக்குதல் நடக்கிறது, அனுமதி உள்ள ஒரே பொறியாளர் பினாங்கில் மச்சான் கல்யாணத்தில் என்றால் என்ன செய்வது? தீயணைக்கும் குழாய்ப் பெட்டியில் கண்ணாடியை உடைத்துத் திறப்பதுபோல, இதற்கென்று ஒன்றிரண்டு அவசரக் கணக்குகளைத் தனியே வைப்பார்கள். யார் தொட்டாலும் எல்லோருக்கும் மணி அடிக்கும். தொட்டவர் மறுநாள் காரணம் எழுத வேண்டும். இந்த வழி இல்லாத இடத்தில், ஊழியர்கள் தாமாகவே ஒரு வழி செய்துகொள்வார்கள். அந்த வழியின் பெயர்தான் மஞ்சள் சீட்டு.

இந்தத் துறைக்குப் போகும் இளையவர்களுக்கு என் வேண்டுகோள், நேர்முகத் தேர்வின் முடிவில் 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா' என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது இதைக் கேளுங்கள்: எனக்கு என் பெயரில் கணக்கு உண்டா? விதிகளை மாற்றும் அனுமதி யாருக்கு? வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கு எத்தனை நாளில் மூடப்படும்? முகம் சுளித்தால் அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பலர் பாராட்டுவார்கள். ஏற்கெனவே பொதுக் கணக்கு உள்ள இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், ஷிஃப்ட் நோட்டிலாவது எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதி, இன்னொருவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள், மரியாதையாக. என் மருமகன் இரண்டையும் செய்யவில்லை.

எஸ்.ஓ.சி. எல்லாம் நமக்கெதற்கு என்று கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அவர் கடையில் கல்லாக் கம்ப்யூட்டருக்கு ஒரே கடவுச்சொல். கடையில் நாலு பேருக்கும் தெரியும். பில்லை ரத்து செய்வதும் அதே கடவுச்சொல்லில்தான். ஆறு மாதத்துக்கு முன் நின்றுபோன கணக்கருக்கு இன்னும் கடை மின்னஞ்சல் கைபேசியில் வந்துகொண்டிருக்கிறது. சேலை எடுத்த வாடிக்கையாளர்களின் பெயரும் எண்ணும் உள்ள பட்டியல், யாரெல்லாமோ இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. அந்தக் கல்லா மென்பொருளிலேயே காசாளர், மேலாளர் என்று இரண்டு பொறுப்பு இருக்கிறது, விற்றவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. உட்கார்ந்து மாற்ற இருபது நிமிடம் ஆனது. கணக்கரின் மின்னஞ்சலை எடுப்பதற்கு மட்டும் அவருக்கு மனம் வரவே இல்லை. "தப்பா நெனைச்சிக்குவாரு" என்றார் மூன்று முறை. கடைசியில் நானே அந்தக் கணக்கருக்குப் போன் செய்தேன். "அப்பாடா, நானே கேக்கணும்னு இருந்தேன், தினம் நாப்பது மெயில் வருது சார்" என்றார் அவர்.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வேலையில் இன்னும் ஐந்து மாதம் இருந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. இப்போது வேறு ஓர் இடத்தில் இரண்டாம் நிலை. போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அக்காள் என்னைத் தனியே அழைத்து, "பழைய எடத்துல எல்லாத்தையும் இவனே மாத்துவானாம். இங்க பாக்குறதுக்கும் பதில் எழுதுறதுக்கும்தான் விட்றாங்களாம். பதவி ஏறியிருக்கா எறங்கியிருக்கா, நீயே சொல்லு" என்றாள். சம்பளம் ஏறியிருக்கிறது என்றதும் பாதி சமாதானமானாள்.

புது இடத்தில் ஓர் இரவு. இரண்டு மணி நாற்பது. பழைய கதையேதான், ஏதோ ஒரு சர்வர், பழைய கடவுச்சொல், நிற்காத மணி. விதியைத் தொட இவனுக்கு அனுமதி இல்லை. எழுத வேண்டியதை எழுதிப் போட்டுவிட்டு, முறையில் இருந்த பொறியாளரைப் போனில் எழுப்பினான். அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து பார்த்து, விதியை அணைக்காமல், அந்த ஒரு சர்வரை மட்டும் மறுநாள் காலை எட்டு மணிவரை விலக்கி வைத்தார். இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம். பதிவேட்டில் கேட்டவர் பெயர், மாற்றியவர் பெயர், ஒப்புக்கொண்டவர் பெயர், மூன்றும் இருக்கிறது. தூக்கத்தைக் கெடுத்ததற்காக மறுநாள் அவருக்கு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தானாம். "ரெண்டு வாங்கினேன் மாமா" என்றான்.